எல்லாரையும் ‘ஆக்கிரமிப்பாளர்’னு ஒரே பேர்ல எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருவாய்த்துறையில ரொம்ப வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன் நான். உங்க பேப்பர தினமும் படிக்கிறேன், அதுவும் மாவட்டச் செய்தி பக்கத்த விடவே மாட்டேன். அந்தப் பக்கத்துல அடிக்கடி ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’னு ஒரு செய்தி வருது, படத்துல ஜேசிபி நிக்குது, சுத்தி போலீஸ் நிக்குது, கீழ ‘ஆக்கிரமிப்பாளர்கள் அதிகாரிகளுடன் வாக்குவாதம்’னு ஒரு வரி இருக்கு, அவ்வளவுதான். அவங்க யாரு, எத்தனை வருஷமா அங்க இருந்தாங்க, நிலம் என்ன வகைப்பாடு, நோட்டீஸ் முறையா குடுத்தாங்களா, மாத்து இடம் எங்க, இதெல்லாம் பெரும்பாலும் இருக்கறதில்ல. அந்த ஒரு வார்த்தைய எழுதின உடனே எல்லாத்தையும் சொல்லிட்ட மாதிரி செய்தி முடிஞ்சிடுது. அந்த வார்த்தைய பத்தி உங்களுக்கு ஒரு கோரிக்கை வைக்கத்தான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல படையெடுத்து போய் நிலத்த புடிச்சா அதுக்கும் நாம ஆக்கிரமிப்புன்னுதான் எழுதறோம். வாய்க்கால் ஓரத்துல தகரம் போட்டு நாலு பிள்ளைகளோட இருக்கற ஒரு அம்மாவுக்கும் அதே வார்த்தை. ஏரிய பிளாட் போட்டு வித்த ரியல் எஸ்டேட்காரருக்கும் அதே வார்த்தை. தாத்தா காலத்துலேர்ந்து நத்தத்துல (ஊர்ல வீடு கட்டிக்கன்னு விட்ட இடம்) வீடு கட்டி இருந்து, பட்டா மட்டும் வாங்காம விட்ட குடும்பத்துக்கும் அதே வார்த்தை. படிக்கிறவர் மனசுல என்ன ஓடும்? யாரோ வேணும்னே பூந்து புடிச்சிட்டாங்க, இப்போ புடுங்கி எடுக்கறாங்க, நல்லதுதானேன்னு தோணும். அப்படி தோண வச்சிட்டா அப்புறம் அங்க என்ன நடந்தாலும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

தாலுகா ஆபீஸ் கணக்குலகூட இப்படி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு எழுதறது கிடையாது சார். கிராமத்து நிலத்த எல்லாம் சர்வே நம்பர் வாரியா எழுதி வச்சிருக்கற ‘அ’ பதிவேட்ட எடுத்து பாத்தீங்கன்னா புறம்போக்குலயே எத்தனையோ வகை இருக்கும், நத்தம் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, களம், ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மயானம், அது போக தீர்வை, அதாவது நிலவரி, ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, அனாதீனம்னு தனித்தனியா வரும். புறம்போக்குன்னா என்ன, வரி கட்டற சாகுபடி கணக்குக்கு வெளியில விட்ட நிலம், அதாவது ஊர்ல எல்லாரும் மாடு மேய்க்க, நெல்லு அடிக்க, தண்ணி எடுக்க, பொணம் பொதைக்கன்னு பொதுவா வச்சிருந்த இடம். ஊருக்கே சொந்தமான நிலத்துக்கு இருந்த பேரு, இன்னிக்கு ஒரு மனுஷன திட்டற கெட்ட வார்த்தையா ஆயிடுச்சு. ‘சேரி’யும் அப்படித்தான், ஜனங்க சேந்து வாழற இடம்னு பழைய தமிழ்ல இருந்த சொல்லு, இப்போ எந்த அர்த்தத்துல சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். நிலம் இல்லாதவங்கள பத்தின வார்த்தைங்க எல்லாம் ஏன் இப்படி கீழயே போகுதுன்னு எனக்கு ரொம்ப நாளா மனசு வேதனையா இருக்கு.

அதுலயும் அரசாங்கமே ‘ஆட்சேபணையுள்ள புறம்போக்கு’, ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ன்னு பிரிச்சு வச்சிருக்கு. ஏரி, ஆறு, வாய்க்கால், ரோடு, மயானம் இதெல்லாம் ஆட்சேபணையுள்ளது. மத்த இடத்துல வீடு கட்டி ரொம்ப வருஷமா இருக்கறவங்களுக்கு வரன்முறை பண்ணி பட்டா குடுக்கலாம். 2025 பிப்ரவரியில தமிழக அமைச்சரவை, சென்னைய சுத்தியுள்ள பெல்ட் ஏரியாவுலயும் மத்த நகரங்கள்லயும் இப்படி ஆட்சேபணையற்ற புறம்போக்குல இருக்கற 86 ஆயிரம் பேருக்கு பட்டா குடுக்கறதா முடிவு பண்ணுச்சே, ஞாபகம் இருக்கும். அந்த 86 ஆயிரம் பேரும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பேப்பர் பாஷையில ஆக்கிரமிப்பாளர்தானே? பட்டா கைக்கு வந்த அன்னிக்கு அவங்க பயனாளி ஆயிடறாங்க. ஆளு அதே ஆளு, வீடு அதே வீடு, ஒரு கவர்மென்ட் ஆர்டர் மட்டும்தான் நடுவுல வந்திருக்கு.

பி மெமோ பத்தி சொல்லியாகணும், ஏன்னா இத பத்தி எழுதற நிறைய பேருக்கு அது என்னன்னே தெரியறதில்ல. 1905ல வந்த சட்டம், அந்த வருஷத்து 3ம் சட்டம், சென்னை மாகாணத்து நில ஆக்கிரமிப்பு சட்டம். தனியாருக்கு உரிமை இருக்கற இடம் தவிர மத்த ரோடு, தெரு, ஆறு, ஏரி, தரிசு எல்லாமே சர்க்காரோட சொத்துன்னு அந்த சட்டத்தோட 2வது பிரிவு சொல்லிடுச்சு. வெள்ளக்காரன் காலத்து சட்டம், நூறு வருஷம் தாண்டி இன்னிக்கும் அதுல தான் நோட்டீஸ் போடறாங்க. அந்த சட்டப்படி சர்க்கார் நிலத்துல அனுமதி இல்லாம இருக்கறவங்க மேல தீர்வையும் தண்டமும் போடலாம், வெளியேத்தவும் செய்யலாம், ஆனா தண்டம் போடறதுக்கோ வெளியேத்தறதுக்கோ முன்னாடி 7வது பிரிவுல நோட்டீஸ் குடுத்து அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். வருஷா வருஷம் ஜமாபந்திக்கு (வருவாய் கணக்கு தணிக்கைக்கு) முன்னாடி விஏஓ அனுபவத்துல யார் இருக்காங்கன்னு எழுதி அனுப்புவாரு, அதுதான் பி மெமோ. ஜனங்க அந்த தண்டத்த கட்டிட்டு ரசீத பத்திரமா வச்சிருப்பாங்க. தகர டப்பாக்குள்ள, ரேஷன் கார்டு, இபி பில்லு, பிள்ளைங்க டிசி இதோட சேத்து, பாலிதீன் கவர் போட்டு சுத்தி வச்சிருப்பாங்க. ‘நாங்க மெமோ கட்டியிருக்கோம் சார்’னு சொல்லும்போது அவங்க குரல்ல ஒரு உறுதி இருக்கும். தப்பு பண்ணதுக்கு போட்ட தண்டச் சீட்டுதான் அது, ஆனா அவங்கள பொறுத்த வரைக்கும் ‘இத்தனை வருஷமா நான் இங்கதான் இருக்கேன்’னு சர்க்காரே கையெழுத்து போட்டு குடுத்த ஒரே காகிதம் அதுதான். நம்ம பழைய கணக்குல இப்படி இருக்கறவங்கள ‘அனுபவதாரர்’னு எழுதுவோம். நிலத்த அனுபவிச்சுகிட்டு இருக்கறவர், உரிமை இருக்கா இல்லையாங்கறது தனி கேள்வி. எவ்வளவு நிதானமான வார்த்தை பாருங்க, யார் மேலயும் பழி போடல.

நத்தம் விஷயத்துல இன்னும் அநியாயம் நடக்குது. கிராம நத்தம்ங்கறது ஜனங்க வீடு கட்டிக்கறதுக்குன்னு விட்ட இடம், அதுல வீடு கட்டி இருக்கறவங்களுக்குத்தான் அது உரியது, அரசாங்க நிலம் கிடையாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புல சொல்லியிருக்கு. நத்தம் நிலவரி திட்டம் வந்தப்ப முதல்ல தோராய பட்டா, அப்புறம் இறுதியா தூய பட்டான்னு குடுத்தாங்க, அந்த நேரத்துல ஊர்ல இல்லாதவங்க, பொழைப்புக்கு வெளியூர் போனவங்க, எழுத படிக்க தெரியாதவங்க எத்தனையோ பேருக்கு விட்டுப்போச்சு. ரெக்கார்டுல ‘சர்க்கார் நத்தம்’னு நிக்கும். ரோடு அகலப்படுத்த வரும்போது அந்த குடும்பமும் ஆக்கிரமிப்பாளர் லிஸ்ட்ல போயிடுது.

இன்னொண்ணு பாருங்க. நிலத்துக்காரங்க இடத்துல குடிசை போட்டு, அவங்க வயல்லயே வேலை செஞ்ச விவசாய கூலிங்களுக்கு சொந்தமா ஒரு அடி மனை கிடையாது, நிலத்துக்காரருக்கு கோவம் வந்தா அன்னிக்கே கிளம்பணும், கூலி கூட கேட்டா வீடு போயிடும்னு பயந்து வாய மூடிக்கிட்டு இருந்தாங்க. 1971ல அவங்களுக்காக ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கற சட்டம். அந்த வருஷம் ஜூன் 19ம் தேதி யாரு அந்த குடியிருப்புல இருந்தாங்களோ அவங்களுக்கே அந்த மனை சொந்தம்னு சொல்லுச்சு. இன்னொருத்தர் நிலத்துல பத்திரம் இல்லாம இருந்தவங்கதானே அவங்களும்? ஆனா சட்டத்துல எங்கயும் அவங்கள ஆக்கிரமிப்பாளர்னு சொல்லல, குடியிருக்கறவங்கன்னு சொல்லுச்சு. அதே 1971லதான் குடிசைப்பகுதி சட்டமும் வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சாங்க, சென்னையில 1,202 இடத்த குடிசைப்பகுதின்னு அறிவிச்சாங்க. அறிவிச்சா என்ன லாபம்னா, அந்த சட்டத்துப்படி அதிகாரியோட அனுமதி இல்லாம அவங்கள காலி பண்ண வைக்க முடியாது. அதுக்கப்புறம் 1985ல ஒரு 17 இடம், அத்தோட சரி. சென்னை எவ்வளவு பெருசாச்சு, ஜனங்க எவ்வளவு வந்தாங்க, அறிவிப்பு மட்டும் அப்படியே நின்னு போச்சு. அறிவிக்காத இடத்துல இருக்கறவங்களுக்கு அந்த பாதுகாப்பு கிடையாது, அவங்களுக்கு மிஞ்சினது ஆக்கிரமிப்பாளர்ங்கற பேரு மட்டும்தான். 2021ல வாரியத்தோட பேர நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க, குடிசைங்கற வார்த்தை வேண்டாம்னு சர்க்காரே யோசிச்சிருக்கு, பத்திரிகைங்க யோசிக்க கூடாதா?

இப்போ பஞ்சமி நிலத்துக்கு வர்றேன், என் மனசுல ரொம்ப நாளா இருக்கற விஷயம் இது. செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர் 1891ல ஒரு அறிக்கை எழுதினாரு, ஒடுக்கப்பட்ட மக்கள் எந்த நிலையில இருக்காங்கன்னு. அதுக்கப்புறம் 1892ல அவங்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்துச்சு, அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விக்கவே கூடாது, அதுக்கப்புறமும் அதே சமுதாயத்து ஆளுக்குத்தான் விக்கலாம், வேற யாருக்கு வித்தாலும் செல்லாதுன்னு கண்டிஷன். அந்த நிலங்கள்ல எவ்வளவு இன்னிக்கு அவங்க கையில இருக்கு? கடனுக்கு எழுதி வாங்கினாங்க, மிரட்டி வாங்கினாங்க, கம்பெனிக்கு வித்தாங்க, பங்களா கட்டினாங்க, பட்டாவும் மாத்திட்டாங்க. 1994ல செங்கல்பட்டு பக்கம் காரணையில பஞ்சமி நிலத்த மீக்க போராடினப்ப துப்பாக்கிச்சூடு நடந்து ரெண்டு பேர் செத்துப்போனாங்க. சட்டப்படி செல்லாத கிரயத்த வச்சிக்கிட்டு இன்னொருத்தர் நிலத்துல உக்காந்திருக்கறதுதான் நிஜமான ஆக்கிரமிப்பு. ஆனா அவங்கள அந்த வார்த்தையால எழுதின செய்திய நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன், ‘பஞ்சமி நில விவகாரம்’னு போட்டு விட்டுடறாங்க. கையில பேப்பர் இருந்தா விவகாரம், பேப்பர் இல்லைன்னா ஆக்கிரமிப்பு.

ஏரிய காப்பாத்த வேண்டாமான்னு நீங்க கேப்பீங்க. கண்டிப்பா காப்பாத்தணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது, 2015 வெள்ளத்துல சென்னை பட்ட பாட்ட மறக்கவே முடியாது. 2007லயே ஏரிகள பாதுகாக்கவும் ஆக்கிரமிப்ப அகத்தவும் தனி சட்டம் வந்துச்சு, நல்ல சட்டம்தான். ஆனா யாரு ஏரிக்குள்ள இருக்காங்கன்னு முழுசா பாக்கணும் இல்லையா. 1920கள்ல மாம்பலத்து ஏரிய தூர்த்துதான் தி.நகர உருவாக்கினாங்க. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துல 1976ல வள்ளுவர் கோட்டம் வந்துச்சு. 2004ல திறந்த உயர்நீதிமன்ற மதுரை கிளை உலகனேரி கண்மாய் இடத்துல நிக்குது. அங்கெல்லாம் சர்க்காரே வகைப்பாடு மாத்தி ஆர்டர் போட்டுச்சு, அதனால சட்டப்படி சரி. தண்ணிக்கு அந்த ஆர்டர் தெரியாது, அது பழைய வழியிலதான் வரும். அடையாறு கூவம் கரையில இருந்த ஏழைங்கள 2015க்கு அப்புறம் கொத்து கொத்தா கொண்டு போய் பெரும்பாக்கத்துல விட்டாங்க, அது எங்க இருக்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல, மழை பெய்ஞ்சா அங்கயும் தண்ணி நிக்குது. நீர்நிலைய ஆக்கிரமிச்சவங்கன்னு சொல்லி எடுத்துட்டு போய் இன்னொரு நீர்நிலை ஓரத்துல குடி வச்சா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் மிச்சம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. ஸ்கூலு, வீட்டு வேலை, கொத்து வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி போச்சு. 2022 மே மாசம் சென்னை ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகர்ல வீடுங்கள இடிச்சப்ப ஒருத்தர் தீக்குளிச்சு உயிர விட்டாரு. அவர் மாதிரி ஒருத்தர ஆக்கிரமிப்பாளர்னு ஒரு வார்த்தையில எழுதி முடிக்க எப்படி மனசு வரும்?

கோர்ட்டே இந்த விஷயத்துல ஒரே மாதிரி பேசல. பம்பாய் பிளாட்பார வாசிகள் வழக்குல, ஓல்கா டெல்லிஸ் வழக்குன்னு சொல்வாங்க, 1985ல உச்சநீதிமன்றம், இவங்க ஆசைப்பட்டு அங்க போய் உக்காரல, வேற வழியில்லாம சூழ்நிலை தள்ளி அங்க வந்தாங்க, குற்றம் செய்யற எண்ணத்தோட வந்தவங்க இல்லைன்னு சொல்லுச்சு, பொழைப்பும் வாழற உரிமைல சேந்ததுதான்னும் சொல்லுச்சு (காலி பண்ண தடை போடல, மழைக்காலம் முடியட்டும்னு மட்டும் சொல்லுச்சு, அதையும் சொல்லணும்). 15 வருஷம் கழிச்சு 2000ல அல்மித்ரா பட்டேல் வழக்குல அதே உச்சநீதிமன்றம், பொது நிலத்த ஆக்கிரமிச்சவனுக்கு இலவசமா மாத்து இடம் குடுக்கறது பிக்பாக்கெட் அடிச்சவனுக்கு பரிசு குடுக்கற மாதிரின்னு எழுதுச்சு. அந்த ஒரு வரி நாடு முழுக்க எத்தனை வீட்ட இடிக்க பயன்பட்டிருக்கும்னு நினைச்சா பதறுது. அப்புறம் 2019ல டெல்லி உயர்நீதிமன்றம் அஜய் மாக்கன் வழக்குல, மறுவாழ்வுக்கு தகுதி உள்ள குடிசைவாசிகள சட்டவிரோத ஆக்கிரமிப்பாளரா பாக்கறத அதிகாரிங்க நிறுத்தணும்னு தெளிவா சொல்லியிருக்கு. நீதிபதிகளே அந்த வார்த்தைய பத்தி யோசிச்சு எழுதும்போது ஒரு பத்திரிகை யோசிக்கலாம்தானே.

காட்டு விஷயமும் இதேதான். காட்டுல தலைமுறை தலைமுறையா இருந்தவங்க, 1882ல சென்னை வனச்சட்டம் வந்து காட்டுக்கு எல்லை போட்ட அப்புறம் அத்துமீறினவங்க ஆயிட்டாங்க. அவங்க எங்கயும் நகரல, கோடுதான் அவங்க மேல வந்து விழுந்துச்சு. 2006 வன உரிமைச் சட்டத்தோட முகவுரையிலயே அது அவங்களுக்கு நடந்த வரலாற்று அநீதின்னு பாராளுமன்றம் ஒத்துக்கிட்டிருக்கு. அப்படி இருந்தும் 2019 பிப்ரவரி 13ம் தேதி, அந்த சட்டத்துல உரிமை கேட்டு குடுத்த மனு தள்ளுபடி ஆனவங்கள எல்லாம் வெளியேத்த சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு, நாடே கொந்தளிச்ச அப்புறம் அதே மாசம் 28ம் தேதி அவங்களே நிறுத்தி வச்சாங்க. நீலகிரியில கூடலூர் பக்கம் போனீங்கன்னா இன்னொரு கதை. 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையிலேர்ந்து வந்த தாயகம் திரும்பிய மலையக மக்கள், ஜன்மிங்கற பெரிய நிலக்காரங்ககிட்ட இருந்த ஜன்ம நிலப் பிரச்சினையில சிக்கி, வீடும் தேயிலையும் இருந்தும் பட்டா இல்லாம, கரன்ட் இல்லாம எத்தனையோ வருஷம் கிடந்தாங்க. இலங்கையில பிரஜை இல்லைன்னாங்க, இங்க வந்தா ஆக்கிரமிப்பாளர்ங்கறாங்க.

பக்கத்து கேரளாவ பாருங்க, அங்க வார்த்தைய எவ்வளவு பிரிச்சு வச்சிருக்காங்க. நிலத்துக்காரர் இடத்துல குடில் போட்டு இருந்தவங்க ‘குடிகிடப்புகாரர்’, நிலச்சீர்திருத்த சட்டம் 1970 ஜனவரி 1ம் தேதி முழுசா அமலுக்கு வந்தப்ப அவங்களுக்கு பஞ்சாயத்துல 10 சென்ட், முனிசிபாலிட்டில 5 சென்ட், பெரிய நகரத்துல 3 சென்ட்னு இருந்த இடத்தையே வாங்கிக்கற உரிமை கிடைச்சுது. மலைக்கு போய் காட்ட திருத்தி விவசாயம் பண்ணவங்க ‘குடியேற்றக்காரர்’, 1977 ஜனவரி 1க்கு முன்னாடி வந்தவங்களுக்கு பட்டயம் குடுக்கலாம்னு விதியே இருக்கு. 1961ல இடுக்கியில அவங்கள வெளியேத்தி குமுளி பக்கம் அமராவதியில கொண்டு போய் விட்டப்ப கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உண்ணாவிரதம் இருந்தாரு. ரிசார்ட் கட்ட மலைய வளைச்சவங்களுக்குத்தான் ‘கையேற்றக்காரர்’னு பேரு. குடியேற்றம் வேற, கையேற்றம் வேற, அங்க டீக்கடையில பேப்பர் படிக்கறவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். (அங்கயும் ஆதிவாசி நிலத்துல குடியேறினவங்க விஷயம் தனி பிரச்சினை, அத நான் மறைக்கல.)

வெளிநாட்டுலயும் இந்த வார்த்தை படுத்தின பாடு கொஞ்சமில்ல. அனுமதி இல்லாம நிலத்துல குடியேறினவங்கள இங்கிலீஷ்ல ‘ஸ்குவாட்டர்’ம்பாங்க. ஆஸ்திரேலியாவுல 1830கள்ல அரசாங்கம் போட்ட எல்லைக்கு வெளிய ஆட்டு மந்தைய ஓட்டிட்டு போய் ஆயிரக்கணக்கான ஏக்கர் புடிச்சவங்களுக்கு அந்த பேரு, 1836லேர்ந்து வருஷத்துக்கு 10 பவுண்டு லைசென்ஸ் கட்டினா போதும்னு ஆச்சு, அவங்கதான் பின்னால பெரிய பணக்காரங்க, சட்டசபையில உக்காந்தவங்க, அந்த ஊர்ல ஸ்குவாட்டர்னா ஒரு கவுரவம். அந்த நிலத்தோட ஆதி சொந்தக்காரங்களான பழங்குடிகளுக்கு உரிமை இருந்துச்சுன்னு கோர்ட் ஒத்துக்க 1992 மாபோ தீர்ப்பு வரைக்கும் ஆச்சு. பிலிப்பைன்ஸ்ல அதே வார்த்தை வசவு, 1975ல அங்க அப்படி இருக்கறதே ஜெயில் குற்றம்னு ஆணை போட்டாங்க, 1997ல அந்த ஆணைய ரத்து பண்ணாங்க, இப்போ ‘முறைசாரா குடியேறிகள்’னு எழுதறாங்க. மலேசியாவுல நம்ம ஜனங்களே ‘செத்திங்கான்’ (ஸ்குவாட்டருக்கு மலாய் சொல்லு) ஆனாங்க, ரப்பர் தோட்டத்துல தலைமுறையா உழைச்சவங்க, தோட்டத்த வீட்டுமனைக்கு வித்த உடனே லயத்துலேர்ந்து (தொழிலாளர் வரிசை வீடு) வெளிய வந்து குடிசை போட்டாங்க, உடனே அந்த பேரு ஒட்டிக்கிச்சு. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி அரசு 1951ல கொண்டு வந்த சட்டத்தோட பேருலயே ‘ஸ்குவாட்டிங்’னு அந்த வார்த்தை இருந்துச்சு. 1998ல புது சட்டம் வந்து அத எடுத்துட்டு ‘சட்டப்படி அல்லாத குடியிருப்போர்’னு போட்டாங்க, கோர்ட் எல்லா சூழ்நிலையையும் பாத்து நியாயம்னு பட்டாத்தான் வெளியேத்த முடியும்னாங்க. 2004ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் போர்ட் எலிசபெத் நகராட்சி வழக்குல, முகமில்லாத, பேரில்லாத ஒரு கூட்டம், தொல்லை, தூக்கி எறியணும்ங்கற எண்ணத்தோட வெளியேத்த சொல்லி கேக்கறவங்க வரக்கூடாதுன்னு எழுதுச்சு. அந்த வரிய படிச்சப்ப நம்ம பேப்பர்ல வர்ற படமும் செய்தியும்தான் என் கண்ணு முன்னாடி வந்துச்சு.

கோயில் நிலத்த பத்தியும் ரெண்டு வரி. அடிமனை வாடகை (வீட்டுக்கு அடியில இருக்கற கோயில் நிலத்துக்கு வாடகை) கட்டிக்கிட்டு பல தலைமுறையா இருக்கறவங்க, வாடகைய ஒரேயடியா ஏத்தினப்ப கட்ட முடியாம போனவங்க, குத்தகை காலம் முடிஞ்சும் இருந்தா அறநிலையத்துறை சட்டம் 78வது பிரிவுல அவங்களும் ஆக்கிரமிப்பாளர்தான். நேத்து வாடகைதாரர், இன்னிக்கு ஆக்கிரமிப்பாளர். கோயில் சொத்த கோடி கோடியா அமுக்கினவங்களும் அதே பேர்ல அதே செய்தியில வர்றாங்க, படிக்கிறவருக்கு யார் யாருன்னு எப்படி தெரியும்?

அதனால என் கோரிக்கை இதுதான். அந்த வார்த்தைய ஒரேயடியா விட்டுடுங்கன்னு நான் சொல்லல, நிலத்த வளைச்சு லாபம் பாக்கறவங்களுக்கு தாராளமா போடுங்க, ஆளு பெரிய இடம்னாலும் பயப்படாம போடுங்க. வீடு இல்லாம வந்து இருக்கறவங்கள ‘பட்டா இல்லாம குடியிருப்போர்’னோ ‘அனுபவதாரர்’னோ எழுதுங்க, ரெண்டு எழுத்து கூட ஆனாலும் பரவால்ல. அதிகாரி குடுக்கற பிரஸ் நோட்ட அப்படியே போடாம, உங்க நிருபர ‘அ’ பதிவேடு பாக்க சொல்லுங்க, நத்தமா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலான்னு செய்தியில வரட்டும். எந்த சட்டம், எந்த பிரிவு, எத்தனை நாள் நோட்டீஸ்னு கேளுங்க. எத்தனை குடும்பம், எத்தனை வருஷமா, மெமோ கட்டியிருக்காங்களா, பட்டா கேட்டு எத்தனை ஜமாபந்தில மனு குடுத்தாங்க, அதுக்கு என்ன பதில் வந்துச்சு, ஸ்கூல் நடக்கற நேரத்துல இடிச்சாங்களா, பரீட்சை நேரமா, மாத்து வீடு எத்தனை கிலோமீட்டர்ல, இதெல்லாம் போடுங்க. அதே சர்வே நம்பர்ல, அதே ஏரியில பெரிய கட்டடம் எதாவது இருக்கா, அதுக்கு நோட்டீஸ் போச்சான்னும் கேட்டு போடுங்க.

உங்க உதவி ஆசிரியர்களுக்கோ தாலுகா நிருபர்களுக்கோ இந்த வருவாய்த்துறை கணக்குங்கள எப்படி படிக்கணும்னு சொல்லித்தர நான் தயாரா இருக்கேன், எந்த நாள்னு சொன்னா வந்துடறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர், உங்கள் நீண்ட நாள் வாசகர்